படிவத்தில் எழுதாமல் விட்ட நாள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள், கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் என்று மையத்திலிருந்து கேட்டார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் துக்கத்தை உட்கார்ந்து எழுதியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பேனாவைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் யார் மேல் என்று இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்குத் தெரியும்.

நம் வேலை என்னவென்று வெளியில் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். இலங்கைப் போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களிடம் வாக்குமூலம் வாங்குகிறோம், அதை ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டு விசாரணைக் குழுவுக்கு அனுப்புகிறோம். படிவம் எப்படி நிரப்புவது, கோப்புக்கு எண் எப்படிப் போடுவது என்பதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். பயிற்சி வகுப்பில் ‘பாதிக்கப்பட்டோர் உண்மையை அறியும் உரிமை’ என்று ஒரு ஸ்லைடு வரும். நானே எத்தனையோ முறை அதைப் போட்டு வகுப்பெடுத்திருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு மரக்காணம் உப்பளத்து வரப்பில்தான் தெரிந்தது. காலம் கடந்து தெரிந்தது.

அந்த அம்மாவின் பெயரை எழுத மாட்டேன். அம்மா என்றே சொல்கிறேன், நான் கூப்பிட்டதும் அப்படித்தான். மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள அகதிகள் முகாமில் இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன், பத்தொன்பது வயது, இலங்கையில் ராணுவத்திடம் சரணடைந்த கூட்டத்தோடு கொண்டுபோகப்பட்டவன், திரும்பி வரவில்லை. அம்மா மட்டும் படகேறி வந்துவிட்டார். முகாமில் அதிகாரிகள் தலை எண்ண வரும்போதெல்லாம், இன்னொரு ஆள் வர வேண்டியிருக்கிறது என்று சொல்லுவாராம். பகலில் உப்பளத்தில் கூலி வேலை. விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். அந்த வேலை முடிந்த பிறகுதான் என்னோடு உட்காருவார்.

முதல் வாக்குமூலத்துக்கு மூன்று நாள் ஆனது. எனக்கு வேண்டியது எங்கே, எப்போது, யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எத்தனை வண்டி, என்ன உடை, பக்கத்தில் யார் என்பதுதான். அவர் சொன்னதோ வேறு. மகன் எப்படித் தூங்குவான், எதைத் தின்பான், எதைத் தின்னமாட்டான், எட்டாம் வகுப்பில் வாத்தியார் அடித்ததற்கு மூன்று நாள் பள்ளிக்கூடமே போகாமல் இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே பேனாவை மூடி வைத்துக்கொண்டேன். விஷயத்துக்கு வந்ததும் திறந்தேன். அவர் அதைக் கவனித்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் சீனியர் ஒருவர் இருந்தார், வக்கீல். சாட்சி டீ குடிக்காமல் தான் குடிக்க மாட்டார், அப்படி ஒரு பிடிவாதம். அந்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப சுத்தமாக இருக்கிறது என்றார். பாராட்டு என்று நினைத்து நான் சிரித்தேன்.

“இத யார் படிப்பாங்கன்னு நெனைக்கிற? ஜட்ஜ் மட்டுமா? ஒரு நாள் அந்தம்மா கேப்பாங்க, படிச்சுக் காட்டுன்னு. அப்ப இதுல அவங்க புள்ள இருக்கணும்,” என்றார்.

வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மூன்று வருடம் கழித்து வேறொரு முகாமில் ஒரு ஆண் சாட்சி கிடைத்தார். மீன்பிடித் தொழில் செய்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இலங்கையில் இவரையும் பிடித்துக்கொண்டு போய்க் கடற்கரையோரம் ஒரு கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள், பிறகு எப்படியோ விடப்பட்டார். ரெக்கார்டர் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அத்தனை பயம். நான் கையால் எழுதினேன். அவர் பேசிக்கொண்டே வரும்போது ஒரு பையனின் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். இடது காதில் பாதி இல்லை, சின்ன வயதில் நாய் கடித்தது என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தக் காதை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறேன். அம்மாவின் மகன்.

அவன் அந்தக் கட்டடத்தில் செத்துப்போனான். எப்படி என்பது கோப்பில் இருக்கிறது, இங்கே வேண்டாம். இவர் மடியில்தான் தலை இருந்திருக்கிறது. செத்த நாளையும் சொன்னார். ஜன்னல் இல்லாத அறை, தேதி தெரியாது. ஆனால் கடல் தொழில் செய்தவர் இல்லையா, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறி வருகிற சத்தத்தை வைத்து நாள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். வைகாசி மாதம் என்றார். இன்ன பிறைக்கு மூன்றாம் நாள் என்றார். எப்படித் தெரியும் என்றும் விளக்கினார்.

நான் அதைக் குறிப்பு நோட்டில் எழுதினேன். படிவத்தில் எழுதவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். படிவத்தில் நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் இருந்தது. தெரியாவிட்டால் தோராயமாக எழுதலாம். வெளிநாட்டு வக்கீல்கள் படிக்கப்போகிற காகிதத்தில் பிறை, கடல் சத்தம் என்று எழுதினால் சாட்சியை நம்ப மாட்டார்கள், சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சாட்சிக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள். எங்களுக்குச் செத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருடத்தில் ஒரே கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துவிடுவோம். செத்த நாளைப் பிறை பார்த்துக் கணக்கு வைத்து, மாதமும் பிறையும் திதியும் சேர்ந்து வருகிற அந்த ஒரு நாளில்தான் இலை போடுவார்கள் என்பது காதில் விழுந்த விஷயம்தான். புத்தியில் ஏறவில்லை. “மே பிற்பகுதி அல்லது ஜூன் முற்பகுதி, தோராயமாக” என்று எழுதினேன்.

எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவது நம் வழக்கம். அந்த வரி வந்ததும் அவர் தலையை நிமிர்த்தினார்.

“நான் நாள் சொன்னனான் எல்லோ, தங்கச்சி?”

“இது போதும்ணா. அவங்களுக்கு அதெல்லாம் புரியாது,” என்றேன்.

சரி என்று கையெழுத்துப் போட்டார். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். கையெழுத்து ஆனதும் குறிப்பு நோட்டின் பக்கங்களை எரித்துவிட வேண்டும், சாட்சியின் பாதுகாப்புக்காக. முகாமுக்கு வெளியே ஒரு தகர டப்பாவில் போட்டு நானே தீக்குச்சி கிழித்தேன். விதியைச் சரியாகக் கடைப்பிடித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சியிடம் கொண்டுபோகக் கூடாது. உங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். நல்ல விதிதான், உயிரைக் காப்பாற்றுகிற விதி. சாட்சி சம்மதித்தால் சொல்லலாம் என்றார் சீனியர். கேட்டேன். மீனவர், தாராளமாகச் சொல்லுங்கோ, என் பெயர் மட்டும் வேண்டாம், அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்றார். ஆனால் விசாரணைக் குழுவின் வக்கீல்கள், அறிக்கை வரும்வரை பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். நடுவில் இரண்டு மூன்று முறை மரக்காணம் பக்கம் போனேன். அம்மா என்னைக் கண்டதும் பாத்தியிலிருந்தே ஏதாவது தெரிந்ததா என்று கையால் கேட்பார். இல்லை என்று நானும் கையாலேயே காட்டுவேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்ட சமாதானம்.

அறிக்கை வருவதற்குள் அந்த மீனவர் மாரடைப்பில் போய்விட்டார். சீனியரும் அந்த வருடம்தான் இறந்தார். பிறகு அறிக்கை வந்தது. தடித்த புத்தகம். அம்மாவின் மகன் அதில் ஒரு அடிக்குறிப்பில், ஒரு எண்ணாக இருந்தான். இனிச் சொல்லலாம் என்று அனுமதி கிடைத்தது.

காலை பதினொரு மணி இருக்கும். உப்பு வாரி முடித்துக் கை கால் கழுவிவிட்டு அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்காமல், மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே பழகிக்கொண்டு வந்திருந்தேன். உங்கள் மகன் இறந்துவிட்டான். பார்த்த ஒருவர் சொன்னார். தனியாகச் சாகவில்லை, ஒருவர் மடியில் தலை வைத்திருந்தான்.

அம்மா அழவில்லை. முழங்காலில் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். யார் செய்தது, யார் உத்தரவு, வழக்கு வருமா என்று கேட்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“எந்த நாள், பிள்ளை?” என்றார்.

“என்ன நாள்மா?” என்றேன்.

“அவன் போன நாள். பார்த்தவர் சொல்லியிருப்பார் தானே. இவ்வளவு காலமும் அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்கேல்ல. உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் படைக்கக் கூடாது எண்டு வைக்கேல்ல. இனி வைக்க வேணும். நாளைச் சொல்லு.”

பார்த்துச் சொல்றேம்மா என்று எழுந்து வந்துவிட்டேன். ஓடி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆபீசில் கோப்பை எடுத்தேன். ‘தோராயமாக.’ என் கையெழுத்தில்தான் இருந்தது.

அந்த ஒரு வாரம் நான் மனுஷியாகவே இல்லை. கண்ணை மூடி மீனவரின் குரலை வரவழைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் என்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று சின்ன வயதிலிருந்து ஜெபத்தில் சொல்லி வருகிறவள், அதனால் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. எதற்கு மூன்றாம் நாள்? அமாவாசைக்கா, பௌர்ணமிக்கா? ஒரு முறை அமாவாசை என்று கேட்கும், அடுத்த முறை பௌர்ணமி என்று கேட்கும். தண்ணீர் சுவர் வரைக்கும் ஏறிய சத்தம் என்று சொன்னாரே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று உப்பளத்து மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். முகத்துவாரத்துத் தண்ணீரோடு பிழைக்கிறவர்.

“ரெண்டுக்குமே ஏறும் மேடம். அமாவாசை ஆனாலும் பௌர்ணமி ஆனாலும், ரெண்டு மூணு நாள் வரைக்கும் தண்ணி ஜாஸ்தியாத்தான் இருக்குது. சத்தத்த வெச்சு எதுன்னு எப்படிங்க சொல்றது?” என்றார்.

கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள் மேடம், யாருக்குத் தெரியப்போகிறது, அந்தம்மா நிம்மதியாகச் சோறு வைக்கட்டும் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆசை வந்தது. பஞ்சாங்கத்தை வாங்கி, அமாவாசைக்குப் பிந்திய மூன்றாம் நாளில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்துவிட்டேன். நாள் தெரியாதவர்களுக்குப் பொதுவாக அமாவாசையிலேயே படைப்பார்கள், அதைச் செய்யச் சொல்லிப் பார்ப்போமா என்றும் யோசித்தேன்.

புத்திசாலிகள் நீங்கள், யோசித்துப் பாருங்கள். ஒரு தாய்க்கு ஆறுதலாக ஒரு பொய், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் அதற்குப் பதில் கண்டுபிடித்தது புத்தகத்தில் இல்லை. பஸ்ஸில் போகும்போது ஒன்று தோன்றியது. அந்தப் பையனைக் கொண்டுபோனவர்கள் அம்மாவுக்குச் சொன்னதும் இதே மாதிரிதான். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம், வீட்டுக்குப் போங்கள் என்று. அதுவும் ஆறுதலான பொய்தான். அடுத்த பொய்யை நான் கொண்டுபோக முடியாது. அதற்காகத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அதே வரப்பு. அமாவாசை யோசனையை முதலில் மெதுவாக எடுத்தேன். அம்மா முடிக்கவே விடவில்லை. அது நாள் தெரியாதவர்களுக்கு, என் பிள்ளை போன நாளைப் பார்த்த ஆள் இருக்கிறார், அவனை ஏன் அநாதைகளோடு சேர்க்கிறாய் என்றார். அதற்கு மேல் மறைக்க எனக்கு வழியில்லை.

“அவர் நாள் சொன்னாரும்மா. நான்தான் எழுதல. தேவைப்படாதுன்னு விட்டுட்டேன். இப்ப அவரும் இல்ல. மூணாம் நாள்னு ஞாபகம் இருக்குது, அமாவாசைக்கா பௌர்ணமிக்கான்னு ஞாபகம் இல்ல. தப்பு என்னோடதும்மா.”

அம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம், பலகையால் ஒரு போடு போட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அவர் சொன்னவர்,” என்றார்.

“சொன்னாரும்மா.”

“நீ எழுதேல்ல.”

“எழுதலம்மா.”

அப்போதுதான் அழுதார். மகன் செத்தான் என்றபோது வராத அழுகை. நானும் அழுதேன், ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழ எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தே அழுதேன். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நாளும் வைக்கிறேன், ஒன்று அவனுக்குப் போய்ச் சேரும் என்றார்.

அப்படியே செய்தார். ஒவ்வொரு வைகாசியிலும் அமாவாசைக்கு மூன்றாம் நாள் ஒரு இலை, பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் ஒரு இலை. உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கிற மாதம் அது. இரண்டு நாளும் விடுப்பெடுத்து, விடிவதற்குள் குளித்து, தனியாகச் சமைப்பார். இரண்டு நாளும் நான் போவேன். கூப்பிட்டதில்லை, போகாதே என்று சொன்னதும் இல்லை. இந்த இரண்டு இலைகளில் ஒன்றுக்கு ஆள் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அந்த வீண் இலை என்னால் விழுந்தது. சட்டத்துக்குத் தோராயம் போதும், வழக்கில் அந்தத் தேதியால் ஒரு குறையும் வரவில்லை. அதை யாரும் இன்றுவரை பிழை என்று சொல்லவில்லை.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று பட்டியல் போட்டுத் தர என்னால் ஆகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் சொல்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கிற வேலையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். ஓரத்தில் இடமில்லாவிட்டால் தாளைத் திருப்பிப் பின்னால் எழுதுங்கள். யாராவது தலையை நிமிர்த்தி ‘நான் சொன்னேனே’ என்றால் அங்கேயே நில்லுங்கள்.

இந்த வருடம் அம்மாவால் முடியவில்லை. முழங்கால் வீங்கிப் பாத்தியில் இறங்குவதையே விட்டுவிட்டார். வைகாசி பிறப்பதற்கு முன்பே போன் செய்தார். இரண்டு நாள் அடுப்படியில் நிற்க உடம்பு கேட்காது என்றார். சரிம்மா, ஒரு நாள் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வளர்பிறை நாளை நான் வைக்கிறன். மற்றதை நீ வை,” என்றார்.

எப்படிச் செய்வது என்றும் அவரே சொன்னார். முருங்கைக்காய் போட்டு ஒரு குழம்பு, கத்தரிக்காய் பொரியல், ஒரு அப்பளம். சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது, அவன் தின்ற பிறகுதான் மற்றவர்கள். முதலில் காக்கைக்கு வை.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டில், மாதா படத்துக்கு எதிர்ச் சுவரோரம் இலை போட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, வாழை இலையை அவர்தான் போய் வாங்கி வந்தார். முப்பத்தைந்து வருடமாகச் சமைக்கிறேன், ருசி பார்க்காமல் உப்புப் போட்டது அன்றுதான் முதல் தடவை. நான் பார்த்தே இராத பையனின் பெயரைச் சொல்லி, வா, சாப்பிடு என்றேன். இன்றைக்குத்தானா என்று எனக்குத் தெரியாதுப்பா, தப்பு நாளாக இருந்தால் மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். மொட்டைமாடியில் சோறு வைத்தேன். காக்கை வந்தது. காக்கை எல்லா நாளும்தான் வருகிறது.

பிறகு நாங்கள் சாப்பிட்டோம். குழம்பில் உப்பு போதவில்லை. உப்பு விளைகிற கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனசு ஆறவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, எல்லாம் செய்தேன், உப்பு மட்டும் கம்மியாகப் போய்விட்டது என்றேன்.



“அவன் உப்புக் குறையத்தான் தின்பான், பிள்ளை,” என்றார். “முதல் நாளே நான் உனக்குச் சொன்னனான்.”